கொடிவழியும் கணக்கும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்னிட்டுக் குடிமரபு உரைகள் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

குடிமரபு உரைத்தல் தமிழிலக்கியத்திற்குப் புதுவதன்று. கம்பர் பாலகாண்டத்தில் குலமுறை கிளத்து படலம் என ஒரு படலமே வகுத்துள்ளார். சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் இராச பாரம்பரியத்திற்கென ஒரு பகுதி ஒதுக்கினார். ஒட்டக்கூத்தரின் உலாக்கள் மூன்றும் சோழர் முன்னோரை முறையே கூறிய பின்னரே பாட்டுடைத் தலைவனைத் தெருவிற்கு அழைத்து வருகின்றன. கல்வெட்டும் செப்பேடும் இம்மரபினையே கல்லிலும் செம்பிலும் பொறித்தன. எனவே, ஒருவன் தன் முன்னோரை வரிசைப்படுத்திக் கூறுங்கால், அவன் வரலாறு மட்டும் கூறுகின்றான் அல்லன். ஓர் இலக்கிய வகையினையும் கையாளுகின்றான் என்பது தெளிவு.

இவ்வுண்மையை மறந்து, குடிமரபு உரைகளை உள்ளவாறே வரலாறாகக் கொள்வாரும் உளர். கட்டுக்கதையென ஒருங்கே தள்ளுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் நூலை நூலாக நோக்காது விட்டவராவர். சாதி வரலாறு, ஊர் வரலாறு என்னும் பெயரால் அச்சேறும் ஏடுகள் பலவற்றில் பாளையக்காரர் வமிசாவளிச் செய்திகள் சான்று ஆராயப்படாமலே எடுத்தாளப் பெறுகின்றன. பட்டம் பெறுதற்கு எழுதப்படும் ஆய்வேடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆதலின் குடிமரபு உரைகளைத் திறனாயும் முறை யாது என்பதனை வரையறுத்துக்கொள்ளுதல் இன்றியமையாததாகின்றது.

இதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு நல்லதொரு களமாக அமைகின்றது. 1996இல் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்ற தேனி மாவட்டத்தின் பெரும்பகுதி இப்பள்ளத்தாக்கேயாம். மேற்கே மேலைமலைத் தொடரும் கிழக்கே வருசநாட்டு மலைகளும் எல்லையாக, முல்லையாறும் சுருளியாறும் பாயும் இந்நிலத்திற் காலத்தால் வேறுபட்ட மூவகைக் குடிமரபு உரைகள் நமக்குக் கிடைக்கின்றன: ஒன்று பாண்டியர் செப்பேடு, இரண்டு பாளையப்பட்டு வமிசாவளி, மூன்று, இப்பள்ளத்தாக்கிற் களஆய்வு செய்த அமெரிக்கத் தமிழர் ஒருவர் தம் பாட்டனாருடன் கூடி எழுதிய குடும்ப வரலாறு. இம்மூன்றனையும், அமெரிக்க நாட்டுக் குடிமரபு ஆராய்ச்சியாளர் கண்ட முறைகளை உரைகல்லாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2. உரைகல்

அமெரிக்க நாட்டிற் குடிமரபு ஆராய்ச்சி ஒரு துறையாக வளர்ந்தமைக்குக் காரணங்கள் பல. குடியேறினோர் நாடாதலின், தாம் எவ்வூரினின்றும் வந்தோம் என்னும் வினா அங்கு வீடுதோறும் எழுகின்றது. பாஸ்டன் நகரில் 1845இல் நியூ இங்கிலாந்து வரலாற்றுக் குடிமரபுக் கழகம் தோன்றிற்று. 1847 முதல் அக்கழகம் காலாண்டிதழ் ஒன்றும் நடத்தி வருகின்றது. தொடக்கத்தில் இத்துறையிற் பெருமை வேட்கையே மிக்கிருந்தது. ஐரோப்பிய மன்னரோடும் பிரபுக்களோடும் தம்மை இணைத்துக்கொள்ள விரும்பிய செல்வர்க்கு விலைக்கு வமிசம் புனைந்து கொடுத்தாரும் இருந்தனர். கஸ்டாவ் அஞ்சூ என்பார் இத்தொழிலிற் பெயர்போனவர். அவர் புனைந்தனவற்றைப் பிற்காலத்தார் அரிதின் முயன்று களைய வேண்டியதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் டொனால்டு லைன்ஸ் ஜேக்கபஸ் (1887–1970) முதலியோர் இத்துறையைத் திருத்தி அமைத்தனர். அவர் கூட்டத்தார் வற்புறுத்திய நெறியினைச் சுருங்கக் கூறின் மூன்றாம். அறிந்ததினின்றும் அறியாததற்குச் செல்லல் வேண்டும். அஃதாவது, தன்னிற் தொடங்கித் தந்தை, பாட்டன் எனத் தலைமுறை ஒவ்வொன்றாக மேலேறல் வேண்டுமேயன்றிப் புகழ்பெற்ற முன்னோன் ஒருவனிற் தொடங்கிக் கீழிறங்கல் ஆகாது. ஒவ்வோர் இணைப்பிற்கும் நிகழ்ச்சிக்கு அணித்தாக எழுந்த சான்று வேண்டும். பெயர் ஒன்றாயிருத்தல் ஆள் ஒருவனே என்பதற்குச் சான்றாகாது.

மூன்றாவதாகக் கூறிய நெறி தமிழ்நாட்டார்க்குச் சிறப்பாக வேண்டுவதாகும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று. மகன் வயிற்றுத் தலைமகனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கமுள்ள குடியில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ஒரே பெயர் வருதல் இயல்பு. பாண்டியருள் மாறவர்மன், சடையவர்மன் என்னும் பட்டப்பெயர்கள் மாறி மாறி வருதலை அறியாதார் இல்லை. எனவே, பெயரொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு வமிசம் கட்டுவார் நம் நாட்டில் எளிதில் இடறுவர்.

அமெரிக்கர் குடிமரபினை மரமாக உருவகித்தனர். நாமோ கொடிவழி என்கின்றோம். மரத்தின் கிளைகள் பிரிவனவேயன்றி மீண்டும் கூடுவன அல்ல. கொடியோ பிரிந்தும் பின்னியும் படர்வது. ஒருவனுக்குப் பெற்றோர் இருவர், அவர் பெற்றோர் நால்வர், அவர் பெற்றோர் எண்மர் எனப் பெருக்கிச் செல்லின் பத்தாந் தலைமுறையில் 1024 முன்னோர் வருதல் வேண்டும். ஆயின் மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தார்க்குப் பிறந்த மகனுக்கு எண்மராக வரவேண்டியவர் அறுவரே ஆவர். முறைமணம் வழிவழியாக நிகழும் குடியில் இவ்வெண்ணிக்கை மேலும் குறையும். நம் குடிகளின் உண்மை வடிவினைக் கொடி என்னும் உருவகமே நன்கு உணர்த்துகின்றது. இதனை உணராது, தந்தைவழி ஒன்றனையே நேர்க்கோடாக வரைதல் பாதிக் குடும்பத்தை அழித்தெழுதுதலாகும்.

3. சின்னமனூர்ச் செப்பேடு

பள்ளத்தாக்கின் நடுவண் அமைந்த சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இரண்டனுள் பெரியது மூன்றாம் இராசசிம்மன் காலத்தது, கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்கு உரியது. வடமொழிப் பகுதியும் வட்டெழுத்தில் அமைந்த தமிழ்ப் பகுதியும் உடையது. அந்தணர் ஒருவர்க்கு ஊர் ஒன்றனைத் தானமாக அளித்த செய்தியைக் கூறுதலே இதன் நோக்கம். ஆயினும் அச்செய்திக்கு முன்னே பாண்டியர் குடிவழி விரிவாகக் கூறப்படுகின்றது.

அக்குடிவழி இரு பகுதியாகப் பிரிந்து நிற்றலை நோக்குக. முற்பகுதியில் திங்கள் மரபும், இந்திரன் அரியணையிற் பாதி பெற்றமையும், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தினமையும், மதுரையிற் சங்கம் வைத்தமையும் கூறப்படுகின்றன. ஈண்டு மன்னர் பெயர்கள் முறையே அடுக்கப்பெறவில்லை, செயல்களே அடுக்கப்பெறுகின்றன. பிற்பகுதியிலோ பராங்குசன் முதலாக மன்னர் பெயரும் அவர் வென்ற போர்க்களப் பெயரும் தலைமுறை ஒழுங்கில் வருகின்றன. பாடிய புலவன் தான் அறிந்ததற்கும் கேட்டதற்கும் இடையே ஒரு வேறுபாட்டினை மொழிநடையாலேயே காட்டிவிட்டான். இதனை நோக்காது, முற்பகுதிச் செய்திகளுக்கும் ஆண்டு கணிக்கப் புகுவாரும், முற்பகுதியைக் காட்டிப் பிற்பகுதியையும் ஐயுறுவாரும் ஒருங்கே தவறுகின்றனர்.

இனி, இச்செப்பேட்டினைக் கி.பி. எட்டாம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேட்டோடு ஒப்பிடுதல் வேண்டும். வேள்விக்குடிச் செப்பேடு களப்பிரரை நீக்கிய கடுங்கோனிற் தொடங்கி நெடுஞ்சடையன்வரை எழுவரைக் கூறுகின்றது. இரண்டு ஏடுகளும் ஒரே குடியினையே உரைப்பினும், பட்டப்பெயர்கள் வேறுபடுதலின், ஓர் ஏட்டில் வரும் மன்னன் மற்றோர் ஏட்டில் வரும் எம்மன்னன் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு நிலவிற்று. கிருஷ்ண சாத்திரியார் கொண்ட முடிபுகளைப் பின்னர் 1929இல் வெளிவந்த நூலில் நீலகண்ட சாத்திரியார் மீண்டும் ஆராய்ந்தார். அரசவையிலேயே எழுந்த இரு ஏடுகளுக்கிடையிலும் இத்துணை இடர்ப்பாடு உண்டாயின், பிற்காலத்து வாய்மொழி வமிசங்களைப் பெயரொப்புமையால் இணைத்தல் எத்துணை அரிது என்பது சொல்லாமலே விளங்கும்.

வேள்விக்குடிச் செப்பேடு குடிமரபு ஆராய்ச்சிக்கு மற்றொரு வகையாலும் விளக்கந் தருகின்றது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோர்க்கு அளித்த ஊர் களப்பிரரால் பறிக்கப்பட்டதென ஒருவன் நெடுஞ்சடையனிடம் முறையிட்டான். மன்னன் அதனை உடனே ஏற்றுக்கொண்டானல்லன். நாட்டாரைக் கொண்டு தன் பழமையை மெய்ப்பிக்குமாறு பணித்தான். அவன் மெய்ப்பித்த பின்னரே ஊர் மீள அளிக்கப்பெற்றது. பன்னெடுங்காலத்திற்கு முந்திய உரிமையொன்று ஊரார் சான்றினால் நிலைநாட்டப்படுதலை ஈண்டுக் காண்கின்றோம். முன்னோர் யாவர் என்னும் வினாவின் உள்ளே இந்நிலம் எவர்க்கு உரியது என்னும் வினா மறைந்திருத்தல் இவ்வழக்கினாற் புலனாகின்றது. இனிக் கூறப்போகும் வமிசாவளிகளுக்கும் இதுவே திறவுகோல்.

சின்னமனூர்ச் செப்பேட்டில் மற்றுமொரு சிறப்புண்டு. இராசசிம்மன் தந்தை பெயரோடு அவன் தாய் வானவன்மாதேவியின் பெயரும் குறிக்கப்பெறுகின்றது. அவள் சேரர் குடியினள். சிறிது காலத்திற்குள் பராந்தக சோழனுக்குத் தோற்று, ஈழஞ் சென்று, ஆங்குத் தன் முடியினை விடுத்து இராசசிம்மன் அடைக்கலம் புகுந்தது சேரநாடே என மகாவமிசம் கூறும். தந்தைவழி பட்டத்தினைத் தந்தது. தாய்வழி அடைக்கலத்தினைத் தந்தது. தாய்வழியை விடுத்து எழுதும் குடிமரபு நிகழ்ச்சிகளுக்குக் காரணங்காட்ட மாட்டாது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டா.

4. பாளையப்பட்டு வமிசாவளி

விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரை நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுத்தனர் என்பது மரபு. போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர், தேவாரம், வடகரை முதலியன இப்பகுதியிலிருந்த பாளையங்கள். இவை போல்வனவற்றின் வமிசாவளிகள் பல, முதல் இந்திய நில அளவைத் தலைவராயிருந்த காலின் மெக்கன்சி (1754–1821) தொகுப்பித்த சுவடிகளுட் சேர்ந்தன. காவலி உடன்பிறந்தார் முதலிய உதவியாளர் ஊர்தோறும் சென்று திரட்டிய அச்சுவடிகளுக்கு எச். எச். வில்சன் 1828இல் அட்டவணை வெளியிட்டார். தமிழ்ச் சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திற் பாதுகாக்கப்பெற்று, அவற்றுட் பல அச்சேறியுமுள்ளன.

இவ்வமிசாவளிகள் பலவற்றை ஒருசேரக் கற்பார்க்கு ஒரு பொதுவமைப்புப் புலப்படும். வடக்கேயிருந்து புறப்படுதல், பகைவர் அச்சத்தால் தெற்கே வருதல், காட்டு விலங்கையோ மல்லனையோ வென்று அரசனுக்குத் தன் வீரங்காட்டுதல், அரசன் பட்டமும் விருதும் நிலமும் வழங்கல், காடு திருத்தி ஊர் எழுப்பல், கோயிற் பணி செய்தல், பின்னர்ப் பட்டத்துக்கு வந்தோரின் வரிசை, இறுதியிற் கும்பினியாட்சி. வேறு வேறு குடியினராயினும் கதைப்போக்கு ஒன்றாகவே செல்லும். வழியிற் குறுக்கிட்ட ஆற்றின் இருகரையிலும் நின்ற புங்கமரங்கள் வளைந்து பாலமாகித் தம் முன்னோரைக் கடத்திவிட்டன என்னும் கம்பளத்தார் மரபுக் கதையைத் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்துள்ளார். இத்தகைய நிகழ்ச்சிகளை உண்மையோ பொய்யோ என ஆராய்தல் பயனற்றது. ஓர் ஆற்றைக் கடந்தபின் பழைய நாட்டிற்குத் திரும்புதல் இல்லை என்னும் உணர்வினையே அம்மரங்கள் உணர்த்துகின்றன. புலம்பெயர்ந்தார் அனைவர்க்கும் இவ்வாறு ஓர் ஆறு உண்டு.

அவ்வாறாயின் இவ்வேடுகள் எழுந்தமைக்குக் காரணம் யாது? காலத்தை நோக்கின் விடை எளிது. திப்புவோடு செய்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் 1792இல் திண்டுக்கல் சீமை கும்பினியார் கையுற்றது. கம்பம் பள்ளத்தாக்கும் அச்சீமையின்பாற்பட்டது. பாளையக்காரர் உரிமை எத்தன்மைத்து, எத்துணைப் பழமையுடையது என்னும் வினாக்கள் அக்காலத்தே எழுந்தன. 1802ஆம் ஆண்டு நிலையான வரித்திட்டச் சட்டம் சமீன்களை உண்டாக்கிற்று. நாட்டார் முன்னிலையில் பழமையை மெய்ப்பித்த வேள்விக்குடி வழக்கின் மறுவடிவமே இஃது. கேட்கும் மன்னன் மட்டுமே மாறினான். அதன்பின் தாயவழக்குகள் பெருகின. சிவகங்கை வழக்கு 1863இலும் இராமநாதபுரம் வழக்கு 1868இலும் இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று முடிவுற்றன. குடிவழி அட்டவணை அதனால் நீதிமன்ற ஆவணமாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் அவ்வட்டவணைகளுக்கு நிலத்தைக் காக்கும் வேலை ஒழிந்தது. பெருமை காக்கும் வேலையே எஞ்சியது.

இதனால் ஒரு திறனாய்வு நெறி பெறப்படுகின்றது. வமிசாவளியின் தொடக்கப் பகுதி உரிமைக் கோரிக்கை. இடைப்பகுதி, பட்டம் கைமாறிய முறை பற்றிய அரண்மனை நினைவு. இறுதிப்பகுதி, எழுதினார் தாமே கண்ட செய்தி. மூன்றற்கும் வேறு வேறு அளவுகோல் வேண்டும். நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட நூலிற் பாளையக்காரர் வமிசாவளிகளை அரசியற் கருத்துகளின் வெளிப்பாடாகக் கற்றமை இவ்வகையிற் பயனுடைத்து. ஆயினும் அவை தமிழ் உரைநடை வரலாற்றுக்கும் உரியன. வழக்குச் சொற்களும் வரிக்கணக்குச் சொற்களும் தெலுங்குச் சொற்களும் கலந்த அவ்வுரைநடையினை மொழியாய்வு நோக்கிற் கற்பார் பெரும்பயன் எய்துவர்.

இனி, பட்டம் எய்துதற்குப் பிறப்பு ஒன்றே வழி என்னும் கருத்துக்கு மாறாக இப்பள்ளத்தாக்கிலேயே ஒரு வழக்கம் உண்டு. கம்பத்தில் தம்பிரான் மாடு எனப் போற்றப்படும் தெய்வ ஆநிரையிற் பட்டத்துக் காளை இறந்துபடின், அடுத்த காளையினைக் குருதிவழி பார்த்துத் தெரிதல் இல்லை. ஆநிரை முன்னர்க் கரும்புக் கட்டினை வைப்ப, அதனை அணுகி உண்ணும் காளையே பட்டத்திற்கு உரியதாகும். 1906ஆம் ஆண்டு மதுரை மாவட்ட விவரச்சுவடி இதனைப் பதிவு செய்துள்ளது. மனிதர்க்குக் கொடிவழி பார்த்த அதே நிலத்தார் தெய்வத்தின் மாட்டுக்குத் தெய்வத்தின் தெரிவினையே நம்பினர்.

5. பெயர் இல்லாதார்

இதுகாறும் கூறியன மன்னரும் பாளையக்காரரும் ஆயினாரைப் பற்றியன. ஏனையோர் குடிமரபு எங்ஙனம் அறியப்படும்? உரைகல்லாக நாம் கொண்ட அமெரிக்க முறையும் ஈண்டுத் தடுமாறுகின்றது. அந்நாட்டில் 1790 முதல் மக்கட்கணக்கு எடுக்கப்படினும், உரிமையுடைய குடிமக்கள் எல்லார் பெயரும் எழுதப்பட்டது 1850 முதலே. அவ்வாண்டிலும் 1860இலும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. அதிற் பெரும்பாலும் வயதும் ஆண், பெண் என்னும் குறிப்பும் நிறமும் உண்டு, பெயர் இல்லை. உடையவன் பெயரின்கீழ் அவர் எண்ணாக நின்றனர். 1870ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் அவர் பெயரோடு தோன்றுகின்றனர். கறுப்பின மக்கள் தம் முன்னோரைத் தேடுங்கால் இவ்வாண்டு ஒரு சுவராகக் குறுக்கே நிற்கின்றது.

அலெக்ஸ் ஹேலி அச்சுவரைத் தாண்ட முயன்றார். 1976இல் வெளிவந்த 'வேர்கள்' எனப் பொருள்படும் அவர் நூல், ஆப்பிரிக்கக் காம்பியா நாட்டு ஊரொன்றினின்றும் கவரப்பட்ட முன்னோன் தொடங்கித் தம்வரை ஏழு தலைமுறையைக் கூறிற்று. அடுத்த ஆண்டு தொலைக்காட்சித் தொடராக வந்து நாட்டையே உலுக்கிற்று. 1981இற் கேரி மில்சும் எலிசபெத் ஷோன் மில்சும் ஆவணங்களோடு ஒத்துநோக்கி, அந்நூலின் குடிவழி இணைப்புகள் நில்லாமையை எடுத்துக்காட்டினர். நூல் இலக்கியமாக நின்றது, குடிமரபாக நிற்கவில்லை. ஆயினும் எண்ணற்ற மக்களை ஆவணக் களரிகளுக்குச் செலுத்தியதும் அந்நூலே. புனைவு புனைவெனத் தன்னைக் கூறிக்கொண்டிருப்பின் அதற்குக் குறையொன்றும் நேர்ந்திராது. பாளையப்பட்டு வமிசாவளிக்கும் இவ்வுரை பொருந்தும்.

நம் நாட்டில் நிலை எத்தகையது? அமெரிக்க மிஷனார் குடும்பம் ஒன்றனைக் காண்க. தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை 1862இல் வெளியிட்ட மைரன் வின்ஸ்லோவின் மகள் யாழ்ப்பாணத்திற் பிறந்தாள். அவள் பேரர் ஜான் பாஸ்டர் டல்லஸ் 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சராயிருந்தார். மதுரை மிஷனிற் பணிசெய்த சாண்ட்லர் குடும்பத்தின் இரண்டாந் தலைமுறையினர் ஜே. எஸ். சாண்ட்லர் 1913இற் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதற் பதிப்பாசிரியரானார். இக்குடும்பங்களின் கொடிவழியினைக் கடிதம், ஆண்டறிக்கை, திருச்சபைப் பதிவு ஆகியவற்றால் இன்றும் இடையறாது தொடரலாம். அவ்வீடுகளிற் சமைத்தவர், குழந்தை வளர்த்தவர், அவ்வகராதிகளுக்குச் சொல் உதவிய ஊரார் ஆகியோரின் கொடிவழியை அவ்வாறு தொடரக்கூடுமோ? ஒரே வீட்டில் வாழ்ந்தவருள் ஒருசாரார்க்குக் குடிமரபு உண்டு, ஒருசாரார்க்கு இல்லை எனின், அஃது இயற்கை அன்று. ஏட்டில் எழுதப்பட்டமையும் எழுதப்படாமையுமே காரணம்.

எழுதப்படுதலும் எப்போதும் நன்மையன்று. பிறமலைக் கள்ளர் மீது குற்றப் பழங்குடிச் சட்டம் ஏவப்பட்டபோது அவர்தம் பெயரும் கைரேகையும் பதிவேடுகளில் ஏறின. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூட்டிற்கு ஆளாயினர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கிலும் அம்மக்கள் பலராக வாழ்கின்றனர். அமெரிக்க அடிமைப் பட்டியல் மனிதனை வைத்துப் பெயரை நீக்கிற்று. இப்பதிவேடோ பெயரை எழுதி மனிதனை நீக்கிற்று. ஏட்டினை எழுதியவன் நோக்கத்தை அறியாமல் அவ்வேட்டினைச் சான்றாகக் கொள்ளுதல் எத்துணைத் தீங்கு என்பது இதனால் உணரப்படும்.

6. பாட்டனும் பேரனும்

மூன்றாவதாக ஆராயத்தக்கது 'ஐயாவின் கணக்கு' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு 2014இல் அமெரிக்க நாட்டில் வெளிவந்து, தமிழ் வடிவிலும் வழங்கும் நூலாகும். இதனை இயற்றியோர் இருவர்: பாட்டனார் எம். பி. மாரியப்பன், அமெரிக்காவிற் பிறந்து வளர்ந்த பேரர், மானிடவியற் பேராசிரியர் ஆனந்த் பாண்டியன். கம்பம் பள்ளத்தாக்கின் உழவரையும் அவர்தம் அறவுணர்வையும் பற்றி 2009இற் பெருநூல் எழுதியவர் இப்பேரரே. ஊரார் வாழ்க்கையைக் கேட்டெழுதப் பயின்ற செவி தன் வீட்டை நோக்கித் திரும்பியதன் விளைவாக இந்நூலைக் கருதலாம்.

பர்மாவிற் கழிந்த இளமை, இரண்டாம் உலகப்போரில் அங்கிருந்து கால்நடையாகத் தப்பி வந்தமை, மதுரையிற் பழவணிகஞ் செய்து மக்களைக் கல்வியால் உயர்த்தியமை, அம்மக்கள் கடல் கடந்தமை ஆகியவற்றைப் பாட்டனார் தம் வாய்மொழியாற் கூறுகின்றார். இடையிடையே பேரர் தம் விளக்கத்தினைத் தருகின்றார். தமிழ் மரபில் இவ்வமைப்பிற்குப் பெயர் உண்டு. இது மூலமும் உரையும் ஆகும். மூலமுடையார் வாழ்நாளிலேயே, அவர் மடியில் வளர்ந்த தலைமுறையே உரை காணுதல்தான் புதுமை.

வமிசாவளியோடு இந்நூலை ஒப்பிடின் மூன்று வேறுபாடுகள் தோன்றுகின்றன. முதலாவது, இது முன்னோனிற் தொடங்கிக் கீழிறங்கவில்லை; பேரன் கேட்கப் பாட்டன் விடைதர மேலேறுகின்றது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் வற்புறுத்திய முறையும் அதுவே. இரண்டாவது, கூறுவார் தாம் கண்டனவற்றையே முதன்மையாகக் கூறுதலின், வடநாட்டு மன்னனும் வளைந்த புங்கமரமும் இவருக்கு வேண்டப்படவில்லை. பர்மாவினின்றும் நடந்த வழியே இவர் கடந்த ஆறு. மூன்றாவது, இவ்வுரையால் நிலமோ பட்டமோ பெறவேண்டுவதில்லை. கணக்கு என்னும் சொல் வணிகன் ஏட்டையும் வாழ்க்கை விவரத்தையும் ஒருங்கே குறித்து நிற்றல் கருதத்தக்கது. வமிசாவளி வரவினை மட்டும் எழுதும். கணக்கோ செலவினையும் எழுதியாக வேண்டும். இழந்தது, கொடுத்தது, எஞ்சியது என எல்லாம் பத்தியிற் சேர்தல் கணக்கின் இயல்பு.

இந்நூலுக்கும் எல்லையுண்டு. ஒருவர் நினைவே மூலமாதலின் அவர் நோக்காதன நூலில் இடம்பெறா. உரைகாரர் வழித்தோன்றலாதலின் மூலத்தின்பால் அன்பு மிக்கிருத்தல் இயல்பே. பரிமேலழகர் முதலிய உரையாசிரியர் மூலத்தோடு மாறுபடும் இடங்களிற் காட்டும் தடை விடைகளை இத்தகைய உரையில் எதிர்பார்த்தல் அரிது. மேலும், வணிகனாயிருந்து கணக்கெழுதப் பழகிய பாட்டனார்க்கும், கேட்டெழுதும் தொழிலினரான பேரர்க்கும் வாய்த்த இவ்வமைப்பு, எழுத்தறியாத உழத்தியொருத்திக்கும் நகரிற் கூலிசெய்யும் அவள் பேத்திக்கும் வாய்க்குமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அவ்வினாவிற்கு விடை காணும் பொறுப்பு அந்நூலாசிரியருடையதன்று, நம்முடையது.

7. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன வருமாறு. குடிமரபு உரை எவ்வுரிமையினை நிலைநாட்ட எழுந்தது என்பதனை முதற்கண் காணல் வேண்டும். ஓர் ஏட்டினுள்ளேயே கேட்டதும் கண்டதும் நடையால் வேறுபடுதலைச் சின்னமனூர்ச் செப்பேடு போல்வனவற்றில் நுனித்தறிதல் வேண்டும். பெயரொப்புமையைச் சான்றாக்கல் கூடாது. தாய்வழியினை விடுத்த கொடிவழி முற்றுப்பெற்றதாகாது. ஏட்டில் இல்லாதார் இல்லாதவர் அல்லர்.

இறுதியிற் கூறியதே தமிழ்த்துறையார் மேற்கொள்ளத்தக்க பணியினைச் சுட்டுகின்றது. முதுகலை மாணவர் தம் கள ஆய்விற்கு ஊரார் கதைகளையும் பாடல்களையும் திரட்டுகின்றனர். அவற்றைக் கூறினாரின் குடிவழியினைக் கேட்டெழுதுவார் சிலரே. ஏலமலைக்குக் கூலிவேலைக்குச் சென்றவர், 1959இல் முடிவுற்ற வைகை அணைக்காக ஊரிழந்தவர், முல்லைப் பெரியாற்று நீர் 1895இல் திரும்பியபின் வயல் தேடிப் பள்ளத்தாக்கிற்கு வந்தவர் ஆகிய பலரின் மரபுகள் இன்னும் வாய்மொழியாகவே உள்ளன. பாட்டன், பூட்டன், ஓட்டன் என மூன்று தலைமுறைக்கு முறைப்பெயர் வைத்திருக்கும் மொழி தமிழ். அம்முறைப்பெயர்களுக்கு உரிய இயற்பெயர்களையும், அவரோடு ஒத்த பாட்டி, பூட்டிமாரின் இயற்பெயர்களையும், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், குலதெய்வம், செய்தொழில் ஆகியவற்றையும், கூறினவர் கண்டதா கேட்டதா என்னும் குறிப்போடு எழுதி வைத்தல் பெரும்பொருட் செலவின்றியே இயல்வது. மன்னர்க்குச் செம்பும் பாளையக்காரர்க்குச் சுவடியும் கிடைத்தன. ஏனையோர்க்கு ஒரு குறிப்பேடேனும் கிடைக்குமாறு செய்தல் நம் கடனாகும்.